விண்மீன்களின் அணுக்கரு வினைகளை மறைமுகமாக அளப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம் என்கிறார்கள். நம் துகள்முடுக்கிகளோ அதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிக ஆற்றலில் துகள்களை மோதவிடுகின்றன. அப்படியிருக்க, விண்மீன்களுக்குள் நடக்கும் அணுக்கரு வினைகளை அளக்க மறைமுக முறைகள் வேண்டும் என்று அறிவியலாளர்கள் சொல்வது ஏன்?

பதில்: விண்மீனுக்குள் துகள்களின் ஆற்றல் மிகக் குறைவாக இருப்பதுதான் சிக்கலே. ஒன்றரைக் கோடி கெல்வின் வெப்பநிலையை ஒரு துகளின் ஆற்றலாக மாற்றிச் சொன்னால் ஏறத்தாழ 1.3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்தான் வரும். இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தொட வேண்டுமானால், அவற்றுக்கிடையிலான மின்விலக்கைத் தாண்டுவதற்குப் பல லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் தேவை. பழைய இயற்பியலின்படி பார்த்தால் சூரியன் எரியவே கூடாது. ஒரு துகள் தன்னால் ஏறிக் கடக்க முடியாத ஆற்றல் தடையைக் குவாண்டம் விதிகளின்படி மிகச் சிறிய வாய்ப்புடன் ஊடுருவி வரலாம் என்பதை 1928-இல் ஜார்ஜ் காமோவ், அணுக்கரு ஓர் ஆல்ஃபா துகளை (ஹீலியம்-4 கருவை) வெளியே விடும் ஆல்ஃபா சிதைவை விளக்குவதற்காகக் காட்டினார். மறு ஆண்டே ராபர்ட் அட்கின்சனும் ஃபிரிட்ஸ் ஹூட்டர்மான்ஸும் அதே ஊடுருவலை எதிர்த்திசையில் வைத்துப் பார்த்து, விண்மீன்களின் ஆற்றலுக்கு விளக்கம் தேடினார்கள்.

ஆற்றல் கூடக்கூட ஊடுருவும் வாய்ப்பு வேகமாக ஏறுகிறது. ஆனால் அவ்வளவு ஆற்றலுள்ள துகள்களின் எண்ணிக்கை அதே போல வேகமாக இறங்குகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், இடையே ஒரு குறுகிய ஆற்றல் பகுதியில்தான் பெரும்பாலான வினைகள் நடப்பது தெரியும். அதற்குக் காமோவ் உச்சம் என்று பெயர். சூரியனுக்குள் இரண்டு ஹீலியம்-3 கருக்கள் இணையும் வினைக்கு அந்த உச்சம் சுமார் 22 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. அந்த ஆற்றலுக்குத் துகள்களை முடுக்குவது எந்த ஆய்வகத்துக்கும் எளிது. முடுக்கிய பிறகு ஒரு வினையாவது நடக்காதா என்று காத்திருப்பதுதான் கடினம்.

இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே இயங்கும் லூனா குழு, இந்த வினையின் அளவீட்டை 1999-இல் வெளியிட்டது. 16.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் அவர்களுக்குக் கிடைத்தது மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு நிகழ்வுகள். அதே கருவி தரைமட்டத்தில் இருந்திருந்தால், விண்வெளிக் கதிர்கள் எழுப்பும் போலிச் சமிக்ஞைகளுக்குள் இந்த இரண்டும் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். இத்தனைக்கும் இது அணுக்கரு விசையால் நடக்கும், ஒப்பீட்டளவில் தாராளமான வினை. காமா கதிரை உமிழ்ந்து முடியும் வினைகளின் வாய்ப்பு இதிலும் பல மடங்கு குறைவு. விண்மீனில் நிகழும் அதே ஆற்றலில் நேரடியாக அளக்கப்பட்ட வினைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கேள்வி: உயர்ந்த ஆற்றலில் அளந்துவிட்டு, அந்த வளைகோட்டைக் கீழே நீட்டிப் பார்த்தால் போதாதா?

பதில்: பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தார்கள், இன்றும் செய்கிறார்கள். அளக்கப்பட்ட வாய்ப்பிலிருந்து ஊடுருவலின் பங்கைக் கணக்கிட்டு வகுத்து நீக்கிவிட்டால் மிஞ்சுவது எஸ்-காரணி எனப்படும். ஊடுருவல் வாய்ப்பு கோடிக்கணக்கான மடங்கு மாறும் இடத்தில்கூட இந்தக் காரணி மெல்லத்தான் மாறும் என்பதால், அதை நீட்டுவது ஓரளவு பாதுகாப்பானது.

ஆனால் மூன்று இடங்களில் இந்த நீட்டல் காலை வாரிவிடுகிறது. முதலாவது, அளந்த பகுதிக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில் ஓர் ஒத்திசைவு ஒளிந்திருக்கலாம்; அதாவது, உருவாகும் கருவுக்கு அதே ஆற்றலில் ஒரு கிளர்வு நிலை (இயல்பைவிட ஆற்றல் கூடிய நிலை) இருந்தால் வினையின் வாய்ப்பு அங்கே மட்டும் பல நூறு மடங்கு எகிறலாம். இரண்டாவது, கரு இரண்டாக உடையும் எல்லைக்குச் சற்றுக் கீழே ஒரு கிளர்வு நிலை இருந்தால், அதை எந்த மோதலாலும் நேரடியாகத் தொட முடியாது. ஆனாலும் அதன் வால் எல்லையைத் தாண்டி மேலே நீண்டு, விண்மீனின் ஆற்றல் பகுதியை ஆட்டிவைக்கும்.

மூன்றாவது சற்று வேடிக்கையானது. ஆய்வகத்தில் இலக்காக வைக்கப்படுவது வெறும் கரு அன்று, எலெக்ட்ரான்கள் சூழ்ந்த அணு. அந்த எலெக்ட்ரான்கள் கருவின் மின்னேற்றத்தைச் சிறிது மறைப்பதால், மிகக் குறைந்த ஆற்றலில் வினை எதிர்பார்த்ததைவிட அதிகமாக நடக்கிறது. விண்மீனுக்குள் எலெக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து திரிவதால் அங்கே மறைப்பின் அளவு வேறு. ஆகவே அரும்பாடுபட்டு மிகக் குறைந்த ஆற்றல்வரை இறங்கி அளந்தாலும், கைக்கு வருவது விண்மீனுக்குத் தேவையான எண் அன்று. அதிலிருந்து எலெக்ட்ரான்களின் பங்கைக் கழிக்க வேண்டும். ஹீலியம்-3 கருவும் டியூட்டெரானும் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு) மோதும் வினையில் அந்தப் பங்கு, கோட்பாடு அனுமதிக்கும் உச்ச அளவைவிட ஏறக்குறைய இருமடங்காக அளக்கப்பட்டிருக்கிறது. இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் இல்லை. நேரடி அளவீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்ற எண்ணத்தை இந்த ஒரு வினையே அசைத்துவிடுகிறது.

கேள்வி: மறைமுக முறை என்றால் கணக்குப் போட்டு ஊகிப்பது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மறைமுக முறையிலும் கற்றை உண்டு, இலக்கு உண்டு, உணர்கருவி உண்டு. அளக்கப்படும் வினை மட்டும் வேறு. விண்மீனில் நடக்கும் வினையின் வேகத்தைத் தீர்மானிக்கும் ஏதோ ஓர் அளவு, அதாவது ஒரு கிளர்வு நிலையின் ஆற்றலோ, அதன் ஆயுளோ, துகள் எங்கே இருக்க வாய்ப்புண்டு என்று காட்டும் அலைச்சார்பின் வால்பகுதியின் உயரமோ, ஆய்வகத்தில் தாராளமாக நடக்கும் வேறொரு வினையிலும் தலைகாட்டுகிறது. அங்கே அதை அளந்து, இங்கே பொருத்துகிறோம். பொருத்தும் பாலம் மட்டும் கோட்பாட்டால் ஆனது. அந்தப் பாலம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் ஒவ்வொரு முறையிலும் கேட்க வேண்டும்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, மறைமுக முறைகள் என்ற பெயரே பரவலாவதற்கு முன்பு நடந்தது. மூன்று ஆல்ஃபா துகள்கள் சேர்ந்து கார்பன்-12 உருவாவதை எந்த ஆய்வகத்திலும் நிகழ்த்திப் பார்க்க முடியாது. இரண்டு ஆல்ஃபா துகள்கள் இணைந்தால் வரும் பெரிலியம்-8 கரு, நொடியின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கை மேலும் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் அளவுக்கும் குறைவான காலமே நிலைக்கிறது. அதற்குள் மூன்றாவது வந்து சேர வேண்டும். பிரெட் ஹாயில், விண்மீன்களில் போதுமான கார்பன் உருவாக வேண்டுமானால் கார்பன்-12 கருவில் 7.7 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஒரு கிளர்வு நிலை இருந்தே தீர வேண்டும் என்று வாதிட்டார். 1953-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வார்ட் வேலிங்கின் குழு, நைட்ரஜன்-14 மீது டியூட்டெரான்களை மோதவிட்டு, வெளிவரும் ஆல்ஃபா துகள்களின் ஆற்றலைக் காந்த நிறமாலைமானியில் அளந்து அந்த நிலையைக் கண்டது. விண்மீனில் நடக்கும் வினையோடு அந்த மோதலுக்கு எந்த உறவும் இல்லை. இறுதியில் கிடைக்கும் கரு மட்டும் ஒன்று.

நிலை இருப்பது தெரிந்தால் போதாது; அது உண்மையிலேயே மூன்று ஆல்ஃபா துகள்களோடு தொடர்புடையதா என்பது தெரிய வேண்டும். 1957-இல் வில்லியம் ஃபவுலர் உள்ளிட்ட குழு, பீட்டா சிதைவில் (கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுவதில்) கார்பன்-12 ஆக மாறும் போரான்-12 கருவைப் பயன்படுத்தியது. அந்தச் சிதைவின் ஒரு சிறு பகுதி ஹாயில் கணித்த அந்த நிலைக்கு, அதாவது ஹாயில் நிலைக்குச் சென்று, அங்கிருந்து ஆல்ஃபா துகள்களாக உடைந்தது. உடைய முடியுமானால், அதே வழியில் திரும்பி வந்து சேரவும் முடியும். குவாண்டம் இயற்பியலின் கால மீள்தன்மை அதற்கு உறுதி தருகிறது. அத்துடன் வினையின் வேகத்துக்கு வேண்டிய அளவுகள் இரண்டாகச் சுருங்கிவிட்டன: ஹாயில் நிலை மூன்று ஆல்ஃபா துகள்களின் ஆற்றலுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது, அது உடையாமல் காமா கதிர் வழியாகக் கார்பனாக நிலைபெறும் வாய்ப்பு எவ்வளவு.

முதல் அளவு சுமார் 379 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். பத்துக் கோடி கெல்வினில் இது ஒரே ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் தவறினால், கார்பன் உருவாகும் வேகம் 12 விழுக்காடு தவறும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, பத்தாயிரத்தில் ஏறத்தாழ நான்கு. அதாவது, உருவாகும் ஒவ்வொரு 2,500 ஹாயில் நிலைக் கருக்களில் ஒன்றுதான் கார்பனாகத் தப்புகிறது. மற்றவை மீண்டும் ஆல்ஃபா துகள்களாகக் கலைந்துவிடுகின்றன. 2020-இல் வெளிவந்த ஓர் அளவீடு, கார்பனாக நிலைபெறும் வீதம் வழக்கமான மதிப்பைவிட 34 விழுக்காடு அதிகம் என்று சொல்லிப் பரபரப்பை உண்டாக்கியது. பின்னர் வந்த அளவீடுகள் பழைய மதிப்பின் பக்கமே நின்றன. எழுபது ஆண்டுகள் கழித்தும் இதை மீண்டும் மீண்டும் அளக்கிறார்கள் என்பதை நான் குறையாகக் கருதவில்லை. நேரில் பார்க்க முடியாத வினைக்கு வேறு காவல் இல்லை.

கேள்வி: அலைச்சார்பின் வால்பகுதியை அளந்து வினையின் வேகத்தைச் சொல்லும் முறை ஒன்று உண்டாமே? அதையும், அணுக்கருவை உடைத்து இணைவதை அறியும் முறையையும் விளக்குங்கள்.

பதில்: இரண்டுக்கும் ஒரே வினையை எடுத்துக்கொள்வோம். சூரியனில் பெரிலியம்-7 கரு ஒரு புரோட்டானைப் பிடித்துப் போரான்-8 ஆகிறது. சூரியனின் ஆற்றல் உற்பத்தியில் இதற்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். ஹைட்ரஜனை ஹீலியமாக்கும் புரோட்டான் சங்கிலி முடியும் பத்தாயிரம் தடவைகளில் ஏறத்தாழ இரண்டு தடவைதான் இந்த வழியில் முடிகிறது. ஆனால் போரான்-8 சிதையும்போது வெளிவரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களைத்தான் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டேயும் கனடாவின் சட்பரி ஆய்வகமும் முதன்மையாகக் கண்டன. நியூட்ரினோக்கள் வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக உருமாறுகின்றனவா என்று சொல்ல வேண்டுமானால், சூரியனிலிருந்து எத்தனை புறப்பட்டன என்பது தெரிந்தாக வேண்டும்.

போரான்-8 கருவில் கடைசிப் புரோட்டான் வெறும் 137 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரணக் கருக்களில் இது பல மில்லியன் இருக்கும். இதன் விளைவாக, சூரியனின் ஆற்றலில் புரோட்டான் பிடிபடுவது கருவுக்கு உள்ளே அன்று. கருவின் ஆரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் அப்பால், மின்விலக்கு மட்டுமே ஆட்சி செய்யும் வெளியில் பிடிபடுகிறது. அவ்வளவு தொலைவில் அலைச்சார்பின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் உயரம் மட்டும் தெரியாது. அந்த ஒற்றை எண்ணுக்குத் தொலைநிலை இயல்பாக்கக் குணகம் என்று பெயர். அதை அளந்துவிட்டால் பூஜ்ஜிய ஆற்றலில் எஸ்-காரணி கிடைத்துவிடும்.

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தினர் 1999-இல் பெரிலியம்-7 கற்றையை உருவாக்கி, போரான்-10, நைட்ரஜன்-14 ஆகிய இலக்குகளின் மீது செலுத்தினார்கள். கற்றையில் வரும் கரு, இலக்கின் ஓரத்தை உரசிச் செல்லும்போது அதிலிருந்து ஒரு புரோட்டானைப் பறித்துக்கொண்டு போரான்-8 ஆகிவிடும். உரசல் என்பதால் இந்தப் பரிமாற்றமும் வால்பகுதியிலேயே நடக்கிறது. ஆகவே அதன் வாய்ப்பு அதே குணகத்தைத்தான் சார்ந்திருக்கிறது. சூரியனில் நடக்கும் பிடிப்பைவிட இது எத்தனையோ கோடி மடங்கு அதிகமாக நடக்கும். இப்படிக் கிடைத்த எஸ்-காரணி 17.3 எலெக்ட்ரான் வோல்ட் பார்ன் (பார்ன் என்பது அணுக்கரு அளவிலான பரப்பின் அலகு). நேரடி அளவீடுகளை ஆய்ந்து 2011-இல் வல்லுநர்கள் பரிந்துரைத்தது 20.8. இடைவெளி பிழை எல்லைகளோடு ஒட்டிப் போகிறது என்றாலும், இரண்டும் ஒன்றே என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. இதே முறையை, நேரடியாக அளக்கக்கூடிய ஆக்சிஜன்-16 புரோட்டான் பிடிப்பில் சோதித்தபோது விடைகள் 10 விழுக்காட்டுக்குள் பொருந்தின. அந்தச் சோதனை நடந்திராவிட்டால் 17.3 என்ற எண்ணை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

உடைக்கும் முறையைக் கெர்ஹார்ட் பௌர், கார்லோஸ் பெர்துலானி, ஹெய்ன்ஸ் ரெபெல் ஆகியோர் 1986-இல் முன்வைத்தனர். வேகமாகச் செல்லும் போரான்-8 கரு ஈயக் கருவின் அருகே பறக்கும்போது, ஈயத்தின் பெரும் மின்புலம் அதற்கு ஒரு காமா கதிர்த் தாக்குதலைப் போலத் தோன்றும். அதில் அது பெரிலியம்-7 ஆகவும் புரோட்டானாகவும் உடைகிறது. பிடிப்பு வினையைத் தலைகீழாக ஓட்டியது போலத்தான் இது; உடைந்த இரண்டு துண்டுகளின் கோணங்களையும் வேகங்களையும் அளந்தால் அவற்றுக்கிடையே இருந்த சிறிய சார்பு ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் 1994-இல் இதைச் செய்துகாட்டியது. பின்னர் ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வகம் இன்னும் அதிக வேகத்தில் செய்தது. பெரிலியம்-7 கருவின் அரை ஆயுள் 53 நாள். அதை இலக்காகச் செய்து வைத்தால் ஆய்வு முடிவதற்குள் கரைந்துகொண்டே போகும். உடைக்கும் முறையில் அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு: ஈயத்தின் அணுக்கரு விசையும் உடைப்பதில் கைகொடுத்திருக்கலாம், சூரியனில் பொருட்படுத்தத் தேவையில்லாத நான்முனை மின்மாற்றம் (காமா கதிரை ஏற்கும் ஒரு வகை) இங்கே பெரிதாகியிருக்கலாம். இவற்றைக் கழிக்கும் கணக்கில்தான் குழுக்கள் ஒன்றோடொன்று வேறுபட்டன.

கேள்வி: அணுக்கரு இயற்பியலில் “டிரோஜன் குதிரை” எங்கிருந்து வந்தது?

பதில்: கிரேக்கப் படை மரக்குதிரையின் வயிற்றில் ஒளிந்து கோட்டைக்குள் நுழைந்த பழங்கதையிலிருந்துதான். இங்கே கோட்டைச் சுவர் என்பது மின்விலக்குத் தடை. இந்த யோசனையையும் 1986-இல் முன்வைத்தவர் மேலே சொன்ன பௌர்தான். அதை நடைமுறைக்கு ஏற்றபடி மாற்றி வளர்த்தெடுத்தது, இத்தாலியின் கத்தானியா நகரில் கிளாடியோ ஸ்பித்தலேரியின் குழு.

லித்தியம்-7 கருவும் புரோட்டானும் மோதி இரண்டு ஆல்ஃபா துகள்களாகும் வினை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோட்டானுக்குப் பதிலாக டியூட்டெரானைப் பயன்படுத்துகிறார்கள். டியூட்டெரான் என்பது 2.2 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டால் தளர்வாகப் பிணைந்த புரோட்டானும் நியூட்ரானும். மோதல் ஆற்றல் தடையைவிட அதிகம் என்பதால் டியூட்டெரான் தடங்கலின்றி லித்தியத்தின் அருகே சென்றுவிடும். அங்கே அது உடைந்து, புரோட்டான் மட்டும் வினையில் இறங்க, நியூட்ரான் வெறும் பார்வையாளராக முன்பிருந்த வேகத்திலேயே விலகிப் போகிறது. மோதலின் ஆற்றலில் ஒரு பகுதி டியூட்டெரானைப் பிரிக்கவே செலவாகிவிடுவதாலும், புரோட்டானுக்கு டியூட்டெரானுக்குள் சொந்தமாக ஓர் உள்ளியக்கம் இருப்பதாலும், லித்தியத்துக்கும் புரோட்டானுக்கும் இடையே எஞ்சும் ஆற்றல் விண்மீன் ஆற்றல்வரை இறங்கிவிடும். தடையை ஏற்கெனவே தாண்டியாகிவிட்டதால் வாய்ப்பு படுவீழ்ச்சி அடைவதில்லை. எலெக்ட்ரான் மறைப்பும் குறுக்கிடுவதில்லை.

பார்வையாளர் உண்மையிலேயே பார்வையாளராகத்தான் இருந்தாரா என்பதை உறுதிசெய்வதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. வெளிவரும் மூன்று துகள்களில் இரண்டின் ஆற்றலையும் கோணத்தையும் ஒரே நேரத்தில் பதிந்து, மூன்றாவதன் உந்தத்தைக் கணக்கிட்டு, அது டியூட்டெரானுக்குள் நியூட்ரானுக்கு இருக்கவேண்டிய உந்தப் பரவலோடு ஒத்துப்போகும் நிகழ்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுவார்கள். இன்னொரு வரம்பும் உண்டு: இந்த முறை வளைகோட்டின் வடிவத்தைத் தருமே தவிர உயரத்தைத் தராது. உயரத்தை, உயர் ஆற்றலில் கிடைக்கும் நேரடி அளவீட்டோடு பொருத்தித்தான் நிர்ணயிக்க வேண்டும்.

சர்ச்சை எழுந்தது கார்பன் எரியும் வினையில். கனமான விண்மீன்களில் இரண்டு கார்பன்-12 கருக்கள் இணைவது, ஐம்பது கோடி கெல்வினில், சுமார் 1.5 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் நடக்கிறது. நேரடி அளவீடுகளோ 2 மில்லியனுக்குக் கீழே இறங்கத் திணறுகின்றன. 2018-இல் கத்தானியா குழு நைட்ரஜன்-14 கருவைக் குதிரையாக்கி, அதனுள் கார்பன்-12 மறைந்திருப்பதாகவும் டியூட்டெரான் பார்வையாளராகப் போவதாகவும் கொண்டு அளந்து, கீழே பல ஒத்திசைவுகள் இருப்பதாகவும், அந்த வெப்பநிலையில் வினையின் வேகம் வழக்கமான மதிப்பைவிட 25 மடங்குக்கு மேல் கூடுவதாகவும் அறிவித்தது. மறு ஆண்டே அக்ரம் முகமெட்ஜானவும் உடன் ஆய்வாளர்களும் அதை மறுத்தார்கள். வெளியேறும் டியூட்டெரானும் மின்னேற்றம் உடையது. எஞ்சும் துண்டுகளோடு அதற்குள்ள விலக்கைக் கணக்கில் சேர்த்தால் குறைந்த ஆற்றலில் எஸ்-காரணி பெருமளவு சரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் இந்த மறுப்பின் அடிப்படை வலுவானது: நியூட்ரான் பார்வையாளராகும்போது எழாத கேள்வி, டியூட்டெரான் பார்வையாளராகும்போது கட்டாயம் எழுகிறது. எனினும் ஒத்திசைவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற தகவலை அந்தத் திருத்தம் அழித்துவிடாது, உயரங்கள்தான் மாறும். வெளிவரும் துகளையும் காமா கதிரையும் ஒருசேரப் பதிந்து பின்னணியை ஒடுக்கும் நேரடிச் சோதனைகளின் முடிவுகள் பிரான்சிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 2020-இல் வந்தன. அவையும் சர்ச்சைக்குரிய ஆழமான பகுதிவரை முழுமையாக எட்டவில்லை.

கேள்வி: கார்பன் ஆல்ஃபா துகளைப் பிடித்து ஆக்சிஜனாகும் வினைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: ஹீலியம் எரிந்து முடிந்தபின் விண்மீனின் உள்ளே கார்பன் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு எஞ்சும் என்பதை இந்த வினை முடிவுசெய்கிறது. அந்த விகிதம்தான் பிற்பாடு அந்த விண்மீன் எப்படி வெடிக்கும், எந்த எடையுள்ள கருந்துளையை விட்டுச்செல்லும் என்பவற்றையும் பாதிக்கிறது. 1983-இல் சுப்பிரமணியன் சந்திரசேகருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஃபவுலர், இந்த வினையைச் சரியாக அளப்பதைத் துறையின் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கருதினார்.

விண்மீனில் இது 300 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் நடக்கிறது. அங்கே வினையின் குறுக்குப் பரப்பு, அதாவது மோதும் துகளுக்கு இலக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதன் அளவு, பத்தின் மைனஸ் 17-ஆம் படி பார்ன் என்ற வரிசையில் இருக்கும். நேரடி அளவீடு ஏறத்தாழ 1 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, ஆக்சிஜன்-16 கரு உடையும் எல்லையான 7.16 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றே கீழே, 7.12-இலும் 6.92-இலும் இரண்டு கிளர்வு நிலைகள் இருக்கின்றன. இவற்றின் வால்கள்தான் 300 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் நடப்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. நேரடி மோதலில் இவை கைக்கு அகப்படுவதே இல்லை.

இங்கே உதவிக்கு வந்தது நைட்ரஜன்-16. ஏழு நொடி அரை ஆயுளுடைய இந்தக் கரு பீட்டா சிதைவில் ஆக்சிஜன்-16 ஆகிறது. ஏறத்தாழ லட்சத்தில் ஒரு சிதைவு, கார்பனாகவும் ஆல்ஃபா துகளாகவும் உடையும் நிலைக்குப் போகிறது. அந்த ஆல்ஃபா துகள்களின் ஆற்றல் பரவலில், பெரிய மேட்டுக்குக் கீழே குறைந்த ஆற்றல் பக்கம் ஒரு சிறு மேடு தெரிகிறது. 7.12 நிலையும் அதற்கு மேலுள்ள நிலையும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதன் அடையாளம் அது; அந்த மேட்டின் உயரத்திலிருந்து 7.12 நிலையின் ஆல்ஃபா வலிமை கிடைக்கும். கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் 1993-இல் இதை அளந்து வெளியிட்டன. இது காமா கதிர் உமிழப்படும் இரு வகைகளில் ஒன்றான இருமுனைப் பகுதியை மட்டுமே கட்டுப்படுத்தும், 6.92 நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு, லித்தியம் கற்றையிலிருந்து ஆல்ஃபா துகளைக் கார்பனுக்கு மாற்றும் பரிமாற்ற வினைகளைத் தடைக்கும் கீழான ஆற்றலில் நடத்தி, முன்சொன்ன தொலைநிலை இயல்பாக்கக் குணகத்தை 1999-இல் அளந்தார்கள். இவற்றையும் நேரடி அளவீடுகளையும் ஒருங்கே பொருத்திய 2017-ஆம் ஆண்டின் விரிவான ஆய்வு, எஸ்-காரணியை 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பார்ன் என்று, சுமார் 15 விழுக்காடு நிச்சயமின்மையோடு தருகிறது. விண்மீன் மாதிரிகளை உருவாக்குவோர் இதிலும் குறைவான பிழையைக் கேட்கிறார்கள்.

கேள்வி: தங்கம் போன்ற கனமான தனிமங்கள் நியூட்ரான் பிடிப்பால் உருவாகின்றன. நியூட்ரானுக்கு மின்னேற்றமே இல்லையே, அங்கும் மறைமுக முறை தேவையா?

பதில்: தேவை, ஆனால் காரணம் வேறு. நியூட்ரானுக்குத் தடை இல்லை, வினை தாராளமாக நடக்கும். அதைப் பிடிக்கும் கருக்கள்தான் நொடிகளில் சிதைந்துவிடுபவை. அவற்றை இலக்காக வைக்க முடியாது. சுமார் கால் மணி நேரமே வாழும் தனி நியூட்ரானையும் இலக்காக்க முடியாது. எனவே பதிலி வினை என்ற வழி: நியூட்ரானைப் பிடித்தால் வரக்கூடிய அதே கிளர்வுற்ற கருவை வேறு வழியில் உருவாக்கி, அது காமா கதிர்களை எப்படி உமிழ்கிறது என்று பார்ப்பது. இதன் வேர் 1970-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் அணுப்பிளவுக்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் இருக்கிறது. நியூட்ரான் பிடிப்புக்கு இது நம்பத்தக்கதுதான் என்பதை 2019-இல் மாலிப்டினம்-95 மீது டியூட்டெரானைப் பயன்படுத்தி, ஏற்கெனவே தெரிந்த விடையோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். பீட்டா சிதைவால் கருவைக் கிளர்வூட்டும் இன்னொரு வகை, நார்வேயின் ஆஸ்லோவில் வளர்ந்த முறையை விரிவுபடுத்தி 2014-இல் வந்தது.

கேள்வி: சூரியனின் முதல் வினையான இரண்டு புரோட்டான்களின் இணைவை யாராவது அளந்திருக்கிறார்களா?

பதில்: இல்லை. அதில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாற வேண்டும். அது மெல்விசையின் வேலை. எந்த முடுக்கியாலும் அதை எண்ணக்கூடிய அளவுக்கு நிகழ்த்த முடியாது. அதன் வேகம் முழுக்க முழுக்கக் கோட்பாட்டுக் கணக்கு. ஆயினும் அந்தக் கணக்கு, மேலே பேசிய பல அளவீடுகளைவிடத் துல்லியமானது என்று கருதப்படுகிறது, ஏனெனில் இரண்டே நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான்) கொண்ட அமைப்பு மிக எளிது.

கேள்வி: மறைமுக முறை முந்திச் சொல்லி, பிறகு நேரடி அளவீடு அதை மெய்ப்பித்த நிகழ்வு உண்டா?

பதில்: உண்டு. ஹைட்ரஜனை ஹீலியமாக்கும் இன்னொரு வழியான கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சியில் நைட்ரஜன்-14 புரோட்டானைப் பிடிக்கும் வினைதான் மிக மெதுவானது. சுழற்சி முழுவதும் இதன் வேகத்துக்கே கட்டுப்படுகிறது. பல ஆண்டுகளாக இதன் எஸ்-காரணி 3.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பார்னை ஒட்டியது என்று கொள்ளப்பட்டது. ஆக்சிஜன்-15 கருவில், புரோட்டான் பிரியும் எல்லைக்குச் சுமார் 500 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கீழே ஒரு கிளர்வு நிலை உண்டு. நீட்டலின் விடை அதன் ஆயுளைப் பொறுத்தே அமைந்திருந்தது. 2001-இல் அந்த ஆயுளை அளந்த சோதனையும், பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்த கணக்கும், மதிப்பு வெகுவாகக் குறைய வேண்டும் என்றன. 2003-இல் ஹீலியம்-3 கற்றையைக் கொண்டு புரோட்டானை நைட்ரஜனுக்கு மாற்றி வால்பகுதிக் குணகத்தை அளந்தவர்களும் 1.7 என்றார்கள். 2004-இல் லூனா குழு நிலத்தடியில் நேரடியாக அளந்தபோதும் 1.7தான் வந்தது.

விளைவு சிறியதன்று. சுழற்சியின் வேகம் பாதியானால், கோளக் கொத்துகள் எனப்படும் பழைய விண்மீன் திரள்களில் உள்ள விண்மீன்கள் தம் ஹைட்ரஜனை எரித்து முடிக்க அதிக காலம் எடுத்திருக்க வேண்டும். அந்தக் கொத்துகளின் வயது 70 கோடி முதல் 100 கோடி ஆண்டுகள்வரை கூடியது. சூரியனிலிருந்து இந்தச் சுழற்சி வழியாக வர வேண்டிய நியூட்ரினோக்களின் கணிப்பும் பாதியாகக் குறைந்தது. சூரிய ஆற்றலில் இதன் பங்கு ஒரு விழுக்காட்டை ஒட்டியதே என்பதால் அந்த நியூட்ரினோக்களைப் பிடிப்பது கல்லில் நார் உரிக்கும் வேலையாக இருந்தது. லூனா இயங்கும் அதே கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த போரெக்சினோ உணர்கருவி 2020-இல் அவற்றைக் கண்டறிந்ததாக அறிவித்தது. இப்போது கேள்வி திசை மாறியிருக்கிறது: வினையின் வேகம் தெரியும் என்று வைத்துக்கொண்டு, நியூட்ரினோ எண்ணிக்கையிலிருந்து சூரியனின் மையத்தில் கார்பனும் நைட்ரஜனும் எவ்வளவு இருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கின் பிழையில் ஒரு பகுதி இன்னமும் இந்த எஸ்-காரணியிலிருந்தே வருகிறது.